அக்கி வந்தது எதிர்ப்புச் சக்தி குறைந்ததாலா, கூடியதாலா?

கடிதம் எழுதியவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். வயது 67, ஊர் சிவகங்கைப் பக்கம். நான்கு பக்கக் கடிதம். அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

மூன்று மாதத்துக்கு முன் அவருக்கு இடது விலாவில் வரிசையாகக் கொப்புளம் வந்திருக்கிறது. அக்கி என்று வீட்டில் சொல்ல, வேளார் ஒருவரிடம் போய் மூன்று நாள் காவி எழுதிக்கொண்டார். கொப்புளம் காய்ந்துவிட்டது, வலி போகவில்லை. சட்டை உரசினாலே தீ பட்ட மாதிரி இருக்கிறதாம். மருந்துக் கடையில் கேட்டு டைக்ளோஃபெனாக் மாத்திரை தினம் இரண்டு போடுகிறார். “அழற்சியும் குறையும், வலியும் குறையும்” என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டன், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் ஏற்கெனவே உண்டு. சிங்கப்பூரில் இருக்கும் மகன் வற்புறுத்தியதால் முழு உடல் பரிசோதனை செய்தார். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இரண்டு இரத்தச் சோதனைகளில் சி.ஆர்.பி. 6.8, இ.எஸ்.ஆர். 32; மூன்று மாதச் சர்க்கரை அளவு 7.9. மூன்றுக்கும் பக்கத்தில் சிவப்பு எழுத்து. போகிற போக்கில் இன்னும் இரண்டு செய்தி: பல் தேய்த்தால் ஈறில் இரத்தம் வருகிறது, இடுப்புச் சுற்றளவு 104 சென்டிமீட்டர்.

அப்புறம் கேள்விகள். “ஒரு வீடியோவில், வயதானால் எதிர்ப்புச் சக்தி செத்துவிடும் என்கிறார்கள். இன்னொன்றில், எதிர்ப்புச் சக்தி அளவுக்கு மீறி எரிவதுதான் முதுமை என்கிறார்கள். ஓர் எண் ஒரே நேரத்தில் கூடவும் குறையவும் முடியுமா? சீந்தில் கஷாயம், மஞ்சள் கேப்சூல், முதுமையைத் தள்ளிப்போடும் என்று மகன் அனுப்பிய என்.எம்.என். மாத்திரை, இவற்றில் எதைத் தொடரலாம்? என்னோடு இருக்கும் அக்காவுக்கு 78 வயது. போன வருடம் ஒருநாள் காலையில் திடீரென்று தடுமாறிப் பேசினார். உடம்பு சுடவே இல்லை. ஆஸ்பத்திரியில் சிறுநீரில் கிருமித் தொற்று என்றார்கள். காய்ச்சல் இல்லாமல் தொற்று எப்படி வரும்?”

வணக்கம் ஐயா. உங்கள் கேள்வி வரிசையை நான் கொஞ்சம் மாற்றப்போகிறேன். நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது.

அந்த டைக்ளோஃபெனாக்

அதை இன்றோடு நிறுத்துங்கள். டெல்மிசார்ட்டன் எடுக்கும் சர்க்கரைக்காரர் மாதக்கணக்கில் டைக்ளோஃபெனாக் போட்டால் முதலில் அடி வாங்குவது சிறுநீரகம். இரத்த அழுத்தம் ஏறும், வயிற்றில் புண் வந்து இரத்தம் கசியலாம், மாரடைப்பு அபாயமும் கூடும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் உங்கள் ரிப்போர்ட்டில் எவ்வளவு என்று எழுதவில்லை. அதைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். மலம் கறுப்பாகப் போனாலோ, காலில் நீர் கோத்தாலோ அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உங்கள் வலிக்கு அது சரியான மருந்தும் இல்லை. புண் ஆறி இரண்டு மாதம் கழித்தும் தொடர்வது நரம்பு வலி. கிருமி நரம்பைக் காயப்படுத்திவிட்டுப் போயிருக்கிறது. வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரை அந்தக் காயத்தில் பெரிதாக ஒன்றும் செய்யாது. இதற்கென்று கபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. மேலே ஒட்டும் லிடோகெய்ன் பட்டையும் உண்டு. எது, எவ்வளவு என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். இந்த வயதில் இவை தலைச்சுற்றலும் தூக்கக் கலக்கமும் தரும், விழுந்துவிடக் கூடாது. சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து அளவையும் குறைக்க வேண்டியிருக்கலாம்.

காவி எழுதிய வேளார் மேல் எனக்கு வருத்தமில்லை. குளிர்ச்சியாக இருந்திருக்கும். ஆனால் கொப்புளம் எழுதினாலும் எழுதாவிட்டாலும் இரண்டு மூன்று வாரத்தில் காயத்தான் செய்யும். அந்த மூன்று நாள் வேறு விதத்தில் முக்கியம். வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் வகை மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். அடுத்த முறை வீட்டில் யாருக்கு வந்தாலும் முதலில் மருத்துவர், பிறகு வேண்டுமானால் காவி. நெற்றியிலோ கண்ணைச் சுற்றியோ வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது, பார்வை போகலாம்.

சேர்க்கை நின்றுபோன பள்ளிக்கூடம்

சரி, உங்கள் கணக்குக்கு வருகிறேன். எதிர்ப்புச் சக்தி ஓர் எண் இல்லை ஐயா. பல வகை வெள்ளை அணுக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. வயதாகும்போது சில வேலைகள் மந்தமாகின்றன, சில நிற்காமல் நடக்கின்றன. அதனால் இரண்டு வீடியோவும் பாதி சரி.

மந்தமாகும் பக்கத்தை முதலில் பார்ப்போம். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் படித்துத் தேறும் பள்ளிக்கூடம் அது. கண்டிப்பான பள்ளி: சேருவதில் நூற்றுக்கு 95க்கு மேல் தேறாமல் உள்ளேயே மடிந்துவிடும். நம் உடம்பையே தாக்கும் குணமுள்ளவற்றை வெளியே விடாமல் தடுப்பதற்குத்தான் இந்தக் கெடுபிடி. பருவ வயதுக்குப் பிறகு இந்தச் சுரப்பி சுருங்கி, கொழுப்பாக மாறத் தொடங்குகிறது. அறுபதைத் தாண்டும்போது புதிய மாணவர் சேர்க்கை ஏறக்குறைய நின்றுபோன நிலை. பெரியவர்களுக்கு அது வேண்டாத உறுப்பு என்று நினைத்து, இதய அறுவையின்போது வழியில் இருக்கிறதே என்று எடுத்துவிடும் வழக்கம்கூட உண்டு. அப்படி எடுக்கப்பட்டவர்களுக்கு அடுத்த ஆண்டுகளில் புற்றுநோயும் இறப்பும் கூடுதலாக இருந்ததை 2023இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சமும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

புதியவை வராதபோது பழையவைதான் இடத்தை நிரப்பும். ஏற்கெனவே ஒரு கிருமியைப் பார்த்துப் பழகிய நினைவு டி செல்கள் பெருகிக்கொண்டே போகும். நம் நாட்டில் பெரும்பாலோர் உடம்பில் சிறு வயதிலேயே புகுந்து சத்தமில்லாமல் தங்கிவிடும் சைட்டோமெகலோ என்றொரு வைரஸ் உண்டு. வயதானவர்களிடம் டி செல்களில் கணிசமான பங்கு இந்த ஒன்றுக்குக் காவல் நிற்பதிலேயே போய்விடுகிறது. ஒரே கணக்கை மட்டும் தெரிந்து வைத்திருக்கும் மாணவர்கள் வகுப்பை நிறைத்துவிட்டால் புதுக் கணக்கு வரும்போது என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் அக்கி இங்கேதான் வருகிறது. சின்ன வயதில் உங்களுக்குச் சின்னம்மை வந்திருக்கும். அந்த வைரஸ் போகவே இல்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சில் அறுபது வருடம் தூங்கிக்கொண்டிருந்தது. அதைத் தலைதூக்க விடாமல் வைத்திருந்தவை டி செல்கள். அந்தக் காவல் தளர்ந்தபோது, நரம்பு வழியே இறங்கி ஒரு பக்க விலாவில் மட்டும் வரிசையாகக் கொப்புளமாக வெளியே வந்தது. வெயிலோ, சூட்டு உணவோ, தெய்வக் குற்றமோ காரணம் இல்லை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாததும் கொஞ்சம் கை கொடுத்திருக்கும்.

அணையாத அடுப்பு

இப்போது எரியும் பக்கம். கிளாடியோ ஃபிரான்செஸ்கி என்ற இத்தாலிய ஆய்வாளர் 2000இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். அழற்சி, முதுமை இரண்டுக்கும் உரிய ஆங்கிலச் சொற்களை ஒட்டவைத்து ‘இன்ஃப்ளமேஜிங்’. முள் குத்தினால் வரும் சிவப்பும் வீக்கமும் இல்லை இது. எந்தக் கிருமியும் இல்லாதபோதும் அழற்சி இரசாயனங்கள் இரத்தத்தில் கொஞ்சம் கூடுதலாகவே, வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் நிலை. சமையல் முடிந்த பிறகும் அடுப்பில் கனன்றுகொண்டே இருக்கும் கரி போல.

கரி எங்கிருந்து வருகிறது? ஒரே இடத்திலிருந்து இல்லை. நம் செல்கள் எல்லையில்லாமல் பிரிவதில்லை, ஓர் எண்ணிக்கைக்குப் பிறகு நின்றுவிடும் என்று லெனார்டு ஹேஃப்லிக் 1961இல் காட்டினார். நின்றுபோன செல்களில் பல சாவதில்லை, சும்மாவும் இருப்பதில்லை. ஐ.எல்.-6 போன்ற அழற்சித் தூதுகளைச் சுற்றிலும் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். இளம் வயதில் எதிர்ப்பு அணுக்களே இவற்றைத் தேடி அழித்துவிடும். வயதானால் அந்தத் துப்புரவுப் பணியும் தேங்குகிறது. செத்த செல்களை விழுங்கிச் சுத்தம் செய்யும் மேக்ரோஃபேஜ்கள் மெதுவாகின்றன. அள்ளாத குப்பையே அடுத்த எரிச்சலுக்குக் காரணமாகிறது. கிருமி புகுந்தால் முதலில் ஓடிவரும் வெள்ளை அணுக்களான நியூட்ரோஃபில்களோ வழி தவறி அலைகின்றன. வழி நெடுகத் தங்கள் நொதிகளைச் சிந்தி நல்ல திசுவைப் புண்ணாக்குகின்றன, போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத் தாமதமாகச் சேருகின்றன. ஒரே அணு, ஒரே நேரத்தில் பலவீனமாகவும் தொல்லையாகவும் இருப்பது இப்படித்தான். உங்கள் புதிருக்கு இதைவிடச் சுருக்கமான விடை எனக்குத் தெரியவில்லை.

எழுபதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் இன்னொன்றும் நடக்கிறது. எலும்பு மஜ்ஜையில் ஒரு மூலச் செல் மரபணுப் பிழையோடு மற்றவற்றை முந்திக்கொண்டு பெருகுகிறது. அதிலிருந்து பிறக்கும் வெள்ளை அணுக்கள் அழற்சிக் குணம் கூடியவை. இப்படிப்பட்டவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்பது கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில்தான் தெரியவந்தது. இதை இப்போது நீங்கள் பரிசோதிக்க வேண்டியதில்லை. இரத்தக் குழாய் அடைப்பைக் கொழுப்பின் கதையாக மட்டும் நாங்கள் பேசாததன் காரணத்தைச் சொல்லவே குறிப்பிட்டேன்.

சிவப்பு எழுத்தைப் படிப்பது எப்படி

உங்கள் இ.எஸ்.ஆர். 32ஐ மறந்துவிடுங்கள். வயதோடு அது தானாகவே ஏறும். ஆண்களுக்கு வயதை இரண்டால் வகுத்தால் வருவதுதான் மேல் எல்லை என்பது மருத்துவர்கள் பல காலமாகக் கையாளும் தோராயக் கணக்கு. 67ஐ இரண்டால் வகுத்தால் 33.5. நீங்கள் எல்லைக்குள் இருக்கிறீர்கள். இருபது வயதுப் பையனுக்கும் உங்களுக்கும் ஒரே அளவுகோலை அச்சிட்டு வைத்திருப்பது லேபின் சோம்பேறித்தனம்.

சி.ஆர்.பி. 6.8 அப்படி இல்லை, கவனிக்க வேண்டியதுதான். ஆனால் பதற வேண்டாம். ஐ.எல்.-6 சொல்கிறபடி கல்லீரல் செய்யும் புரதம் அது. இதய அபாயம் பார்க்கும் நுண்ணளவுச் சோதனையில் 1க்குக் கீழே நல்லது, 3க்கு மேல் அதிகம். 10ஐத் தாண்டினால் தொற்றோ காயமோ இருக்கிறதா என்று தேடுவோம். ஒரே ஒரு அளவை வைத்து முடிவு செய்யவே கூடாது. சளி பிடித்திருந்தால்கூட ஏறும். இரண்டு வாரத்துக்குக் குறையாத இடைவெளி விட்டு, உடம்பு சரியாக இருக்கும் நாளில் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

எனக்கு அந்த எண்ணைவிட நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகள்தான் முக்கியமாகப் படுகின்றன. ஈறில் இரத்தம் வருவது நாள்பட்ட கிருமித் தொற்று. உங்கள் எதிர்ப்பு அணுக்கள் ராப்பகலாக அங்கே சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. அது சர்க்கரையை ஏற்றும், ஏறிய சர்க்கரை ஈறைக் கெடுக்கும். பல் மருத்துவரிடம் ஈறுகளைச் சுத்தம் செய்துகொண்டால் சர்க்கரையும் ஓரளவு இறங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடுத்தது இடுப்பு. நம்மவர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டினாலே அதிகம். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை இல்லை. மேக்ரோஃபேஜ்கள் அதற்குள் குடியேறி அழற்சித் தூதுகளை ஓயாமல் அனுப்புகின்றன. வயதானதால் அழற்சி என்று நீங்கள் நினைப்பதில் ஒரு பெரிய பங்கு பல்லிலும் வயிற்றிலும் சர்க்கரையிலும் இருக்கிறது. வயதை மாற்ற முடியாது, இந்த மூன்றையும் மாற்றலாம்.

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. பொலிவியக் காடுகளில் வாழும் சிமானே மக்களையும், மலேசியாவின் ஒராங் அஸ்லி மக்களையும், இத்தாலியிலும் சிங்கப்பூரிலும் வாழும் முதியவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2025இல் வந்தது. காட்டில் வாழ்கிறவர்களுக்குத் தொற்றுகளால் அழற்சி அதிகம்தான். ஆனால் இத்தாலியிலும் சிங்கப்பூரிலும் கண்டதைப் போல அது வயதோடு ஏறவில்லை, நாட்பட்ட நோய்களோடும் சேரவில்லை. நம் வாழ்க்கை முறை சேர்த்துவிட்டதையும் வயதின் கணக்கில் எழுதிவிடுகிறோம் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

இங்கிலாந்தில் 55 முதல் 79 வயது வரை, பல வருடமாக விடாமல் சைக்கிள் ஓட்டிய 125 பேரைப் பரிசோதித்தார்கள். தைமஸிலிருந்து புதிதாக வெளிவரும் டி செல்கள் அவர்களிடம் இளைஞர்களுக்கு ஈடாக இருந்தன. மற்ற மாற்றங்கள் எல்லாம் மறைந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் ஓட்டிய தூரம் உங்களுக்கும் எனக்கும் முடியாது. தினம் அரை மணி நேரம் வேகமான நடை, வாரத்தில் இரண்டு மூன்று நாள் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி, இவ்வளவு போதும். தசையைக் காப்பாற்றுவது சர்க்கரைக்கும் நல்லது, எதிர்ப்பு அணுக்களுக்கும் நல்லது.

‘பூஸ்டர்’ என்ற சொல்

எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட வேண்டும் என்பதே தவறான ஆசை ஐயா. எதைக் கூட்டுவது? ஏற்கெனவே எரிவதையா? சரி, அழற்சியை அணைத்துவிடலாமா என்றால் அதற்கும் விலை உண்டு. மாரடைப்பு வந்து, சி.ஆர்.பி. 2க்கு மேல் இருந்த பத்தாயிரம் பேரிடம் கானகினுமாப் என்ற ஊசி மருந்தைச் சோதித்து 2017இல் முடிவு வெளியிட்டார்கள். ஒரே ஓர் அழற்சித் தூதை மட்டும் தடுக்கும் மருந்து. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 15 விழுக்காடு குறைந்தன. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. மொத்த இறப்பு எண்ணிக்கையில் வித்தியாசமே இல்லை. இந்தத் தராசு அவ்வளவு நுட்பமானது.

இந்தப் பின்னணியில் உங்கள் பட்டியலைப் பாருங்கள். சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டு வந்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவர்கள் கோவிட் காலத்தில் எழுதினார்கள். எதிர்ப்பு அணுக்களே கல்லீரலைத் தாக்கிய மாதிரியான பாதிப்பு. நிறுத்திவிடுங்கள். குழம்பில் போடும் மஞ்சளைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் மிளகுச் சத்து சேர்த்து, இரத்தத்தில் அதிகம் ஏறும்படி செய்த மஞ்சள் கேப்சூலாலும் கல்லீரல் பாதிப்புகள் பதிவாகியிருக்கின்றன. அது வேண்டாம். என்.எம்.என். மனிதர்களின் ஆயுளையோ ஆரோக்கியத்தையோ கூட்டும் என்பதற்குச் சான்று இல்லை. மூப்படைந்த செல்களை அழிக்கும் மருந்துகள் இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கின்றன, யாராவது கேப்சூலில் விற்றால் வாங்காதீர்கள். மருந்துக் கடையில் கவரில் போட்டுத் தரும் பெயர் தெரியாத மாத்திரையில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்புண்டு. வலி உடனே குறைந்து, பசி எடுத்து, முகம் ஊதினால் சந்தேகப்படுங்கள். ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது, கவரோடு மருத்துவரிடம் போக வேண்டும்.

உங்கள் அக்கா

காய்ச்சல் என்பது கிருமி செய்வதில்லை, நம் எதிர்ப்பு அணுக்கள் மூளைக்கு அனுப்பும் தூதின் விளைவு. வயதானால் அந்தத் தூதும் மந்தம், உடம்பு நடுங்கிச் சூடேற்றும் திறனும் குறைவு. அதனால் சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ குழறிய பேச்சாக, சாப்பிட மறுப்பதாக, காரணமில்லாமல் விழுவதாக, இரவெல்லாம் தூங்காமல் அரற்றுவதாக வரும். பலர் இதை மறதி நோய் என்று விட்டுவிடுகிறார்கள், சிலர் கயிறு கட்டப் போகிறார்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள், அதுதான் அவரைக் காப்பாற்றியது.

ஒரு வேலை செய்யுங்கள். அக்கா நன்றாக இருக்கும் நாளில் காலை, மாலை வெப்பநிலையைக் குறித்து வையுங்கள். 97தான் அவருடைய வழக்கமான அளவு என்றால் 99 என்பது அவருக்குக் காய்ச்சல். வழக்கத்தைவிட 2 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினால் போதும், 101க்காகக் காத்திருக்க வேண்டாம். திடீர்க் குழப்பம் வந்தால் வெப்பமானி என்ன சொன்னாலும் மருத்துவமனைதான். பேச்சு குழறும்போது வாய் கோணினாலோ, ஒரு கை கால் தளர்ந்தாலோ அது பக்கவாதம், உடனே 108ஐ அழையுங்கள்.

தடுப்பூசி குழந்தைகளுக்கு மட்டுமா?

வயதானவர்களின் எதிர்ப்பு அணுக்கள் செத்துவிடவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று அக்கித் தடுப்பூசி. பழைய தடுப்பூசி அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் பாதிப் பேரைத்தான் காத்தது, வயது ஏற ஏற இன்னும் குறைந்தது. புதிதாக வந்த ஷிங்கிரிக்ஸில் உயிருள்ள வைரஸ் இல்லை. வைரஸின் ஒரு புரதமும், சிலி நாட்டு மரம் ஒன்றின் பட்டையிலிருந்து எடுத்த, அணுக்களைத் தட்டி எழுப்பும் பொருளும் சேர்ந்தது. எழுபதைத் தாண்டியவர்களிலும் சுமார் 90 விழுக்காடு பாதுகாப்பு. மந்தமான வகுப்புக்கும் சொல்லித் தருகிற விதத்தில் சொல்லித் தந்தால் புரிகிறது. இந்தியாவில் 2023 முதல் கிடைக்கிறது. இரண்டிலிருந்து ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. ஒருமுறை அக்கி வந்தவர்களும் போடலாம், மறுபடி வரக்கூடிய நோய்தான் அது. இப்போதுள்ள வலி குறையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், அது மருந்து இல்லை. போட்ட கை ஓரிரு நாள் வலிக்கும், உடம்பு அலுப்பாக இருக்கும். கூடவே வருடத்துக்கு ஒருமுறை ஃப்ளூ ஊசி, நிமோகாக்கஸ் நிமோனியா ஊசி ஆகியவற்றைப் பற்றியும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

அக்கி ஊசியின் விலை அதிகம், இரண்டுக்கும் சேர்த்து இருபதாயிரத்தைத் தாண்டலாம். மகன் மாதாமாதம் என்.எம்.என். டப்பாவுக்குச் செலவழிப்பதை நிறுத்திவிட்டு இதற்கு அனுப்பச் சொல்லுங்கள். அக்காவுக்கும் சேர்த்து.